கைக்கத்தியும் கல்லூரிக் கையும்

சென்ற விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பியபோது என் பையில் அம்மா கட்டித் தந்த சீடை இருந்தது. இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒரு மடக்குக் கத்தியும் இருந்தது. சீடையை அறை நண்பர்கள் அன்றிரவே தீர்த்துவிட்டனர். புத்தகங்களை எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கத்தியைக் கண்டதும் மட்டும் அறையில் ஓர் அமைதி பிறந்தது. “இது எதற்கு?” என்றார் ஒருவர். “யாரோடு பகை?” என்றார் மற்றொருவர். நகைச்சுவைக்காகவே கேட்டார், ஆயினும் அந்தக் கேள்வி என்னைச் சில நாள் உறங்கவிடவில்லை.

ஏன் எனில், அந்தக் கத்தியைத் தந்தவர் என் அப்பா. உடும்பன்சோலை வட்டத்து ஏலத்தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாக அது அவர் இடுப்பில் இருந்தது. அதனால் அவர் கயிறு அறுத்திருக்கிறார், சாக்கு பிரித்திருக்கிறார், மிளகுக் கொடி நறுக்கியிருக்கிறார், எனக்குப் பென்சில் சீவித் தந்திருக்கிறார். எவரையும் குத்தியதில்லை. குத்தலாம் என்ற எண்ணம் கூட அவருக்கு எழுந்திருக்குமா என்பது ஐயமே.

நண்பர் கேட்டதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். நாம் கத்தியை எங்கே காண்கிறோம்? நாளேட்டில் காண்கிறோம், வெள்ளித்திரையில் காண்கிறோம். தமிழ்ப் படமாயினும் மலையாளப் படமாயினும் எல்லைப்புறத்துத் தமிழன் தலைகாட்டினால் பெரும்பாலும் அவன் கையில் ஓர் அரிவாள் தொங்க வேண்டும். அது பளபளக்க வேண்டும். தேயிலைச் செடியின் கிளையில் அது இறங்குவதை எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை. கத்தியால் வாழ்பவர் பல்லாயிரவர்; கத்தியால் வீழ்த்துபவர் சிலர். அந்தச் சிலருக்கே படமும் பாட்டும் என்றால் இது என்ன நீதி?

அரிவாள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். எல்லைப்புறத்தில் அந்தப் பொதுச்சொல் செல்லாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர் கொடுவாள் என்பார். கொங்கு நாட்டில் வழங்கும் அதே சொல், அரசியல் எல்லையைக் கேளாமல் பாலக்காட்டுச் சமவெளியிலும் வழங்குகிறது. சித்தூர் வட்டம் பழைய கொச்சி அரசின் பகுதி. பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதி. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்தில் அடங்கின. கொடுவாள் அடங்கவில்லை, அது பொள்ளாச்சியிலும் கொடுவாள்தான். ஏலமலைப் பக்கம் வாருங்கள்: மலையாள நண்பர்கள் வாக்கத்தி என்கின்றனர், தேனியிலிருந்து மலையேறும் நம்மவர் வெட்டரிவாள் என்கின்றனர், இரண்டு தலைமுறையாக மலையிலேயே இருப்பவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கின்றனர். சிறு கத்தியைப் பிச்சாத்தி என்று மலையாளத்தில் சொல்லக் கேட்கும்போது நம் பிச்சுவா நினைவிற்கு வராமல் இராது. தேவிகுளமும் பீருமேடும் யாருக்கு என்று பெரியவர்கள் வாதாடிய நாளில், இந்த இரும்புத் துண்டுகளின் பெயர்களை எவரேனும் தொகுத்து வைத்திருந்தால் நமக்கு இன்று எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

இனித் தேயிலைக்கு வருகிறேன். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மூணாறு மலைகளைக் கண்டு பச்சைக் கம்பளம் என்று வியந்து படம் எடுத்துச் செல்வோர், அந்தக் கம்பளத்தை விரித்தது கத்தி என்பதை அறிவதில்லை. தேயிலை இயல்பில் மரம். விட்டுவிட்டால் வீட்டினும் உயரமாக வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி, மேற்பரப்பைத் தட்டையாக்கி, பெண்கள் நின்றபடி கொழுந்து எடுக்குமாறு செய்து வைத்திருப்பது கவாத்து. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில் வெட்டிவிடுகின்றனர். வெட்டிய தோட்டத்தைக் காண்பவர் செடியெல்லாம் பட்டுவிட்டது என்றே எண்ணுவர். பச்சை ஒன்றும் இராது. சாம்பல் நிறக் குச்சிகளே நிற்கும். மூன்று மாதத்தில் தளிர்க்கும்.

தளிர்க்க வேண்டுமானால் இரண்டு செய்திகள் முக்கியம். வேரில் உணவு சேர்ந்திருக்க வேண்டும். வேரை நறுக்கி அயோடின் இட்டு மாவுப்பொருள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கவாத்துக்கு நாள் குறிப்பது வழக்கம். மற்றொன்று, வெட்டு. வெட்டு சாய்வாக விழ வேண்டும். மழைநீர் அதில் தங்கலாகாது. வழவழப்பாக இருக்க வேண்டும். கிளை பிளந்துவிட்டால் அந்தப் பிளவின் வழியே பூஞ்சை புகுந்து தண்டையே அரித்துவிடும். பெரிய காயங்களுக்குச் செப்பு மருந்து பூசுகின்றனர். ஆயினும் நல்ல வெட்டுக்கு ஈடாகும் மருந்து இல்லை.

மூணாற்றுப் பக்கம் என் சித்தப்பா கவாத்துக்காரர். அவர் வெட்டுவதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கிளைக்கு ஒரு வெட்டு. இரண்டாவது வெட்டு போட்டால் அவருக்கு வெட்கம். பெருவிரல் பருமனுள்ள கிளையை ஒரே வீச்சில், மேலிருந்து அன்று, கீழிருந்து மேல்நோக்கி இழுத்து வெட்டினார். “கத்தி மழுங்குனா செடிக்கும் சேதம், கைக்கும் சேதம், தம்பி. கூரான கத்தி சொன்னபடி கேக்கும். மழுங்குனதுதான் வழுக்கும்” என்றார். நாளில் எத்தனை முறை தீட்டுவீர்கள் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். கல் அவர் இடுப்பிலேயே இருந்தது.

இப்போது பல தோட்டங்களில் இயந்திரக் கவாத்து வந்துவிட்டது. முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு வட்டத் தகட்டால் அறுக்கின்றனர். உடல்வலி குறையுமாயின் நான் அதை வரவேற்கிறேன். தொழிலாளியின் தோள்பட்டை தேய்ந்தால்தான் பண்பாடு வாழும் என்று சொல்வது பட்டணத்துக் கவிஞர்களின் வேலை. ஆனால் எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது என்ற அறிவு இயந்திரத்தோடு விலைக்கு வருவதன்று. அது சித்தப்பாவின் கண்ணில் இருக்கிறது. அதை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஏலத்தில் கத்திக்கு வேறு வேலை. காய் எடுப்பதற்குக் கத்தி வேண்டா, விரல் போதும். ஆனால் காய்ந்த தாள்களைக் கழித்துத் தூரைத் துப்புரவு செய்ய வேண்டும். இதற்கும் கவாத்து என்றே பெயர். மழைக்கு முன் நிழல்மரத்தின் கிளை கழித்து வெளிச்சம் விட வேண்டும். புதிதாக நடும்போது தூரைப் பிரித்து, ஒரு முதிர்ந்த தண்டும் ஒரு இளங்குருத்தும் சேர்ந்து வருமாறு கத்தியால் பிளக்க வேண்டும். குருத்து நசுங்கினால் நட்டது வீண். நாள்தோறும் விடியுமுன் கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியே ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் நம் தாய்மார்களின் கூடையில், சோற்றுத் தூக்கின் பக்கத்தில், சாக்கில் சுற்றிய ஒரு கத்தி இருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

சித்தூர்ப் பக்கத்து வியப்பு ஒன்றைச் சொல்லாமல் செல்ல முடியாது. அங்கே தென்னம்பாளையைச் சீவிக் கள் இறக்குகின்றனர். பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் நுனியில் மெல்லிய சீவல் ஒன்று எடுக்க வேண்டும். தடித்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் ஊறல் நின்றுபோகும். மரத்தின் உச்சியில், ஒரு கையால் மட்டையைப் பற்றிக்கொண்டு, தாளினும் சிறிதே தடித்த சீவல் எடுக்கும் கையை எண்ணிப் பாருங்கள். கேரளத்தில் இது உரிமம் பெற்ற தொழில். எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் சென்றால், அதே கத்தி, அதே தென்னை, அதே கை. கள்ளுக்காகச் சீவினால் குற்றம். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. குடியைப் பற்றிய என் கருத்தை இங்கே நான் சொல்ல வரவில்லை. ஒரு கருவி குற்றக் கருவியா தொழிற்கருவியா என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை என்பதற்கே இதைக் காட்டினேன். மலாயாவில் நம் முன்னோர் பால்மரம் வெட்டிய கத்தியும் இவ்வாறே நுட்பமானது. ஒருநாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பட்டையைச் சீவலாம். உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி வைக்க இயலாது.

சட்டம் என்ன சொல்கிறது? நம்மில் சட்டம் படிப்போர் திருத்துக. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே என்று அமைந்த பொருள்களை ஆயுதம் என்ற சொல்லிலிருந்து விலக்கியிருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் 1962இல் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி வகைகளை ஆயுதப் பட்டியலில் வைத்தன. அங்கும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவற்றை விலக்கின. 2016இல் அவ்விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. கருவி வேறு, ஆயுதம் வேறு என்ற பிரிவு சட்டத்தில் நிற்கிறது. ஆனால் காட்டுக்குள் கதை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதில் கத்தியையும் சேர்த்தே எண்ணுகிறது. அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துள் நுழையலாகாது. உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் செல்லும் சாலையோ சின்னாறு சரணாலயத்தின் ஊடே செல்கிறது. மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நாம் பெருமைப்பட்டோம். அந்தச் சர்க்கரைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர் கத்தியைச் சாக்கில் சுற்றி, கயிற்றால் கட்டி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடக்கும்போது மனத்தில் எத்தனை கலக்கம் இருக்கும்!

இந்தக் கலக்கத்தை நான் நேரில் கண்டேன். நான் மேல்நிலைப் பள்ளியில் படித்த நாள். சித்தப்பாவும் நானும் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். ஓர் இடத்தில் வண்டியை நிறுத்திச் சோதனை செய்தனர். சோதிக்க வந்தவர் சித்தப்பாவின் சாக்கைப் பிரித்தார். “எதுக்குய்யா இது?” என்றார். சித்தப்பா வாய் திறக்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்பு ஏறி, மரப்பட்டை போல் வெடித்திருந்த கை. வந்தவர் அதைப் பார்த்தார், சாக்கைத் திருப்பிக் கொடுத்தார், போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை என்மேல். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் யாரோ நான் யாரோ என்பது போல. என் சட்டைப் பையில் பேனா இருந்தது. சித்தப்பா அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

படித்த கைக்கும் கத்திக்கும் பகை என்று நாம் எண்ணிக்கொள்வது அண்மைக்கால மயக்கம். பேனாக்கத்தி என்ற பெயரையே பாருங்கள்: இறகுப் பேனாவின் முனையைச் சீவி எழுதிய காலத்தின் எச்சம் அது. நம் நாட்டிலோ அதனினும் நெருங்கிய உறவு. அருங்காட்சியகங்களில் மடக்கெழுத்தாணியைக் கண்டிருப்பீர்கள். ஒரே கைப்பிடியில் ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் ஓலை வார ஒரு சிறு கத்தி. ஏடு எழுதியவர் கத்தி பிடிக்கத் தெரிந்தவர். ஓலையை நறுக்கத் தெரியாதவர் எழுத உட்கார்ந்திருக்கவே முடியாது.

இனி, இந்த மாணவர் கைக்குக் கத்தி எதற்கு என்பீர்கள். பலாப்பழம் ஒன்று விடுதிக்கு வந்தால் பத்துப் பேர் சுற்றி நின்று விழிக்கிறோம். கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நுங்கு சீவுவதை விற்பவரிடம் விட்டுவிடுங்கள். விரல் போனால் வராது. ஆனால் பொட்டலக் கயிற்றைப் பல்லால் கடிப்பதை விடலாம். மின்கம்பியின் மேலுறையைப் பல்லால் உரிப்பதையும் விடலாம். அதைச் செய்யும் ஓர் இயற்பியல் மாணவரை நான் அறிவேன். தாவரவியல் நண்பர்கள் மிளகுக் கொடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே வெட்டாக நறுக்கப் பழகினால் செய்முறைத் தேர்வுக்கும் ஆகும், ஊரில் அப்பாவுக்கும் ஆகும்.

சில ஒழுக்கங்களும் வேண்டும். உடலை விட்டு வெளிநோக்கியே வெட்டுக. பிறர்க்குக் கொடுக்கும்போது கைப்பிடியை முன்னே நீட்டுக. எங்கள் வீட்டில் கையில் கொடுப்பதே இல்லை, கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வர். விழும் கத்தியைப் பிடிக்க முயலாதீர், விழட்டும். மடக்குக் கத்தி குத்துவதற்கு அமைந்ததன்று. முனையை அழுத்தினால் அலகு விரலின்மேலேயே மடங்கும். கனத்த வேலைக்கு மடங்காத கத்தியையும், அதற்கேற்ற உறையையும் கொள்க. கூரான கத்திப்பட்ட காயம் சிறிதாயினும் தடுப்பூசி போட்டு எத்தனை நாளாயிற்று என்று மருத்துவரிடம் சொல்லிவிடுக.

மேலும் ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். தோட்டங்களில் பாம்பு கடித்தால் கடிவாயைக் கத்தியால் கீறி இரத்தத்தை வெளியேற்றும் பழக்கம் இன்னும் முற்றும் மறையவில்லை. பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்கின்றனர். அது தீங்கு. நஞ்சு அவ்வாறு வெளியே வருவதில்லை. சில பாம்புகளின் நஞ்சால் இரத்தம் உறையாமல் ஓடும்போது கீறிய காயமே ஆளைக் கொல்லும். இறுக்கிக் கட்டவும் வேண்டா, உறிஞ்சவும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நச்சு முறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். கத்தியின் பயன்களைப் பேச வந்தவன் கத்தியை எடுக்கக் கூடாத இடத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். விடுமுறைக்குச் செல்லும்போது இதை வீட்டிலும் சொல்லுங்கள். நம் படிப்பால் லயத்துக்கு உடனே கிடைக்கக்கூடிய பயன் இது.

மறுப்பு ஒன்று எழும் என்பதை அறிவேன். மாணவர் கையில் கத்தி இருக்கலாம் என்றால், நாளை ஒரு சிறு சச்சரவு பெரும் பழியாக முடியாதா? முடியலாம். கல்லூரித் தேர்தல் நாள்களில் எத்தனை சொற்கள் கைகலப்பாக மாறின என்பதை நாம் அறிவோம். ஆகையால் விடுதியில் கத்தியைத் தடுக்கும் விதியை நான் எதிர்க்கவில்லை. என் கத்தியை மறுநாளே விடுதிக் காப்பாளரிடம் ஒப்படைத்தேன். வேண்டும்போது கேட்டுப் பெறுகிறேன். அவர் அதைக் கையில் வாங்கி, அலகைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, “நல்ல தோய்ச்சல்” என்றார். அவரும் ஒரு கொல்லன் பட்டறையின் பக்கத்தில் வளர்ந்தவராம். இதற்கு நேர்மாறாக, கைப்பேசியில் படம் பார்த்து அயல்நாட்டுக் கத்திகளை வரவழைத்து, துடைத்துத் துடைத்து மேசையில் வைத்திருக்கும் நண்பர் ஒருவரையும் அறிவேன். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு என்ன சொன்னார் என்பதைப் புறநானூற்றில் 95ஆம் பாட்டில் அவர் படித்துக்கொள்ளட்டும். எங்கள் ஊர்க் கொல்லர் பழைய லாரியின் வில்பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்த கத்தி அழகற்றது. முப்பது ஆண்டு உழைத்திருக்கிறது.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவில் இம்முறையும் திரைப்பாடல் நடனம் மூன்று இருக்கும், இருக்கட்டும். ஒரு மேசையும் இருக்கட்டும். அந்த மேசையில் அவரவர் வீட்டுத் தொழிற்கருவியின் படம் ஒன்று, அதன் பெயர், அதை ஆள்பவர் பெயர். நெல்லியாம்பதியிலிருந்து வந்தவர் உண்டு. அட்டப்பாடியிலிருந்து வந்தவர் உண்டு. வட்டவடையிலிருந்தும் வண்டிப்பெரியாற்றிலிருந்தும் வந்தவர் உண்டு. நான் இதுவரை எழுதி வைத்திருக்கும் பெயர்கள் 31. கவாத்துக் கத்தியின் வளைவுக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் ஒரு பெயர், பாலக்காட்டில் ஒரு பெயர். பாளை சீவும் கத்தியின் உறைக்குப் பெயர் தெரிந்தவர் எனக்கு எழுதித் தரவும்.

சாணைக்கல் ஒன்றும் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன். காப்பாளரின் இசைவு பெற்றாயிற்று. சமையற்கட்டுக் கத்திகள் நான்கும் மழுங்கிக் கிடப்பதாகச் சமையற்கார அண்ணன் சொன்னார். வரும் ஞாயிறு காலை 9 மணிக்குக் கிணற்றடியில் அவற்றைத் தீட்டப் போகிறேன். பழக விரும்புவோர் வரலாம்.